உள்ளே வந்த நீர் எங்கே போயிற்று?



நம் தொடக்கப்பள்ளி அறிவியல் பாடநூலில் இல்லாத ஒன்றைப் பற்றி இன்று எழுத எண்ணுகிறேன். பாடநூலில் இல்லை என்பதால் மாணவர்களுக்கு வேண்டா என்று பொருளன்று. கொள்ளளவு, நேரம், வேகம் ஆகிய மூன்றையும் நாம் தொடக்கப்பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அம்மூன்றையும் சேர்த்து ஓடுகின்ற நீரின்மேல் வைத்துப் பார்த்தால் கிடைக்கும் எளிய உண்மையைத்தான் இயற்பியலார் தொடர்ச்சிக் கோட்பாடு என்கின்றனர்.

வீட்டுக் குழாயை மெல்லத் திறந்துவிட்டு, விழுகின்ற நீரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். குழாயின் வாயில் சுண்டுவிரல் பருமன் இருக்கும் நீர், கீழே தொட்டியை எட்டும்போது மெலிந்து ஒரு பென்சிலைவிடச் சிறுத்திருக்கும். வழியில் நீர் குறைந்துவிட்டதா? இல்லை. விழ விழ அதன் வேகம் கூடுகிறது. மேலே ஒரு நொடியில் எவ்வளவு நீர் கடக்கிறதோ, கீழேயும் அதே ஒரு நொடியில் அவ்வளவு நீரே கடந்தாக வேண்டும். நீரை எளிதில் அமுக்கிச் சிறிதாக்க இயலாது. நடுவில் அது தேங்கி நிற்கவும் இடமில்லை. ஆகவே வேகம் கூடினால் பருமன் குறைந்துதான் தீரும். குழாய் வாயில் நீரின் விட்டம் 12 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று கொள்வோம். 30 சென்டிமீட்டர் விழுந்தபின் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர். ஐந்து மடங்கு வேகம், ஐந்தில் ஒரு பங்கு குறுக்குவெட்டுப் பரப்பு. விட்டமாகச் சொன்னால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு இடத்திலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்திற்கு ஏறக்குறைய 3.4 லிட்டர் என்றே வரும்.

பரப்பு × வேகம் = ஒரு நொடியில் கடக்கும் நீர். பெருக்கல் தெரிந்த பிள்ளைக்கு இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் இரப்பர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் தூரமாகப் பாய்கிறதே, அதனையே பலரும் இக்கோட்பாட்டுக்கு முதல் எடுத்துக்காட்டாகத் தருகின்றனர். வழிகாட்டி நூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தொடர்ச்சிக் கோட்பாடு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களை ஒப்பிடுகிறது; ஒரே இடத்தை இரண்டு நேரங்களில் ஒப்பிடுவதில்லை. விரலை வைத்திருக்கும் அந்த நேரத்தில், குழாயின் நடுவில் நீர் மெதுவாகவும் விரலிடுக்கில் வேகமாகவும் செல்கிறது என்பது சரி. ஆனால், விரல் வைப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே அளவு நீர்தான் வருகிறது என்று பலர் எண்ணிக்கொள்கின்றனரே, அது தவறு. ஒரு 10 லிட்டர் வாளியை வைத்து அளந்து பார்த்தால் விளங்கிவிடும். எங்கள் பள்ளித் தோட்டத்துக் குழாயில் விரலின்றி 40 நொடியில் நிறைந்த வாளி, விரலை வைத்தபோது ஒரு நிமிடத்தைத் தாண்டியது. நீர் குறைந்துதான் வருகிறது. நீண்ட குழாயின் உட்சுவரோடு உராய்வதிலேயே முன்பு செலவாகிப்போன அழுத்தம், உள்ளே நீர் மெதுவானதும் மிச்சமாகி, விரலிடுக்கில் வேகமாக மாறுகிறது. ஆகவே, முதல் எடுத்துக்காட்டாக விழும் நீரையே காட்டுங்கள். விரல் வித்தையை வாளியோடு சேர்த்துப் பின்னர் காட்டலாம். அழுத்தத்தின் கதையைப் பெர்னூலியோடு சேர்த்து வேறொரு நாள் எழுதுகிறேன்.

இனி வகுப்பறைக்கு வெளியே வருவோம்.

எங்கள் சிடாம் கிரி வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன என்றாலும், வேலியோரங்களில் இன்னும் சில பழைய மரங்கள் நிற்கின்றன. அவற்றின் காய் வெடிக்கும் பருவத்தில் மாணவர்கள் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். இரப்பர்க் கொட்டை நீரில் மிதக்கும். ஓடும் நீரின் வேகத்தை அளக்க இதைவிட நல்ல கருவி கடையில் கிடையாது. காகிதக் கப்பல் காற்றில் திரும்பிக்கொள்ளும். இலை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கொட்டையோ பாதி மூழ்கி நீரோடு நீராகவே செல்லும்.

பள்ளியின் பின்புறம் ஒரு கான்கிரீட் கால்வாய் ஓடுகிறது. மேற்பகுதி 60 சென்டிமீட்டர் அகலம். திடலருகே வந்ததும் 30 சென்டிமீட்டராகக் குறுகிவிடும். மழை விட்ட ஒரு காலைப்பொழுதில் ஆறாம் ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். இரண்டு இடத்திலும் ஐந்து மீட்டர் தூரத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்தோம். அகன்ற பகுதியில் நீரின் ஆழம் 10 சென்டிமீட்டர். கொட்டை 20 நொடியில் கடந்தது. நொடிக்கு 15 லிட்டர் என்று கணக்கு வந்தது. குறுகிய பகுதியில் ஆழம் 12 சென்டிமீட்டர்; கொட்டை 15 நொடியில் கடந்தது. அங்கே நொடிக்கு 12 லிட்டர்.

மூன்று லிட்டர் குறைகிறது!

திரும்பத் திரும்ப அளந்தார்கள். நடுவில் ஓடும் நீர் ஓரத்தில் ஓடும் நீரைவிட வேகமானது, எனவே கொட்டை காட்டும் வேகம் உண்மைச் சராசரியைவிடச் சற்று மிகையாகவே இருக்கும் என்பதை எடுத்துச் சொன்னேன். ஆனால், அந்த மிகை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் மூன்று லிட்டருக்கு அது விடையாகாது. ஒருவன், "டீச்சர், வெயில்ல ஆவியாப் போயிருக்கும்" என்றான். சில நொடிகளுக்குள் அவ்வளவு ஆவியாகுமானால் நம் வட்டாரத்தில் மழைக்குப் பஞ்சமே இருக்காது என்றேன். இன்னொருத்தி, "மண்ணு குடிச்சிருச்சி டீச்சர்" என்றாள். கான்கிரீட்டில் மண் ஏது? "அப்படின்னா வழியில ஓட்டை இருக்கணும்" என்றாள் அவளே.

நான்கு பேர் கால்வாய்ச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார்கள். செம்பருத்தி வேலிக்குக் கீழே, புல் மூடிக்கிடந்த ஓரிடத்தில், பழைய காலத்துக் குழாய் ஒன்று கால்வாயின் பக்கச் சுவரில் வாய் திறந்திருந்தது. கையை வைத்தால் இழுத்தது. அது எங்கே போகிறது என்று பார்த்தபோது, திடலின் வடக்கு மூலை. மற்ற இடமெல்லாம் காய்ந்தாலும் அந்த மூலை மட்டும் நாட்கணக்கில் சேறாகவே கிடக்கும். அங்கே ஊற்று இருக்கிறது என்றே பள்ளியில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் அடுத்த வாரமே சிமெண்டு கொண்டுவந்து அதனை அடைத்துவிட்டார்கள்.

இதில் நான் பெரிதாக மதிப்பது குழாயைக் கண்டுபிடித்ததை அன்று. இருக்கிறது என்பதைக் காண்பதற்கு முன்பே அந்தப் பெண் சொன்னாளே, அதைத்தான். 2003ஆம் ஆண்டு தொடங்கி அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பித்த காலத்தில் நான் புதிய ஆசிரியை. அப்போதைய மாணவர்கள் சொற்களைச் சரியாகவே ஒப்புவித்தார்கள். ஆனால் "அப்படின்னா" என்று தொடங்கும் வாக்கியத்தை நான் அதிகம் கேட்டதில்லை. ஓடை, வாய்க்கால், மடை, மதகு, தூம்பு, கலிங்கு, சுழி, மடு என்று நீரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் வைத்திருக்கும் மொழியில் நீரைப் பற்றிச் சிந்திப்பதற்குத் தடையேது?

வேகத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது இன்று நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் நெடுங்காலம் அறிஞர்களே அதனை விட்டுவிட்டார்கள். இத்தாலியில் போ, ரேனோ ஆகிய ஆறுகளின் நீரை எங்கே திருப்புவது என்று பொலோனா, ஃபெராரா ஆகிய இரண்டு நகரத்தாரும் நெடுநாள் வழக்காடிக்கொண்டிருந்தனர். ஆற்றின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தால் நீரை அளந்ததாகிவிடும் என்பதே பலரின் எண்ணம். கலிலியோவின் மாணவரான பெனடெட்டோ காஸ்டெல்லி என்ற துறவி 1625ஆம் ஆண்டு அப்பகுதியை நேரில் பார்த்தார். ஓடும் நீரை அளப்பது பற்றி 1628இல் அவர் வெளியிட்ட நூல், வேகத்தைச் சேர்க்காத அளவு அளவே அன்று என்று நிறுவியது. ஆறு பெருகும்போது வேகமும் கூடுகிறது. அதனால் இரண்டு மடங்கு நீர் வந்தாலும் உயரம் இரண்டு மடங்காவதில்லை என்பதற்கும் அதில் விளக்கம் உண்டு. அதே 1628ஆம் ஆண்டில்தான் வில்லியம் ஹார்வி குருதி உடலுக்குள் சுற்றி வருகிறது என்னும் தம் நூலை வெளியிட்டார். அவருடைய வாதமும் இதே வகைக் கணக்குத்தான்: இதயம் அரைமணி நேரத்தில் வெளியே தள்ளும் குருதி, உடலில் இருக்கும் மொத்தக் குருதியையும் விஞ்சிவிடுகிறது, அவ்வளவும் புதிதாக உண்டாக வழியில்லை, ஆகவே போனதே திரும்பி வரவேண்டும். குருதியை இதயம் திருப்பி வாங்கும் நுண்ணிய வழிகளை அவர் கண்ணால் கண்டதில்லை. "அப்படின்னா வழியில ஓட்டை இருக்கணும்" என்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை என்று நான் வகுப்பில் சொன்னபோது அந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

நம் வட்டாரத்திலும் இரண்டு தரப்பார் ஓர் ஆற்றைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு வருமுன் பெயரைப் பற்றிச் சிறிது. ‘கிரி’ என்றதும் மலை என்று பொருள் கொள்வார் உண்டு. மலாய்மொழியில் ‘கிரி’ என்றால் இடப்பக்கம். ஆற்றுக்கு அப்பால், கூலிம் மாவட்டத்தில், சிடாம் கானான் இருக்கிறது; ‘கானான்’ வலப்பக்கம். நிலவியலார் நீரோடும் திசையில் முகம் வைத்து இடம் வலம் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் மூடா ஆற்றுக்கு நம் ஊர் வலப்பக்கம் வரவேண்டும். பெயர் வைத்தவர்கள் கடலிலிருந்து படகேறி, ஆற்றை எதிர்த்து வந்தவர்கள் போலும்!

மூடா ஆறு தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் கணக்குப் புத்தகத்தைச் சற்றே புரட்டுவோம். மேலே, 1960களின் இறுதியில் கட்டப்பட்ட மூடா அணை பிடித்து வைக்கும் நீர், 6 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குத் திருப்பப்பட்டு, கெடாவின் வடக்கு நெல்வயல்களுக்குப் போகிறது. அது நம் பக்கம் வராது. செலவுப் பக்கத்தில் எழுதவேண்டும். 2004இல் சிக் மாவட்டத்தில் முடிக்கப்பட்ட பெரிஸ் அணை, மழைக்காலத்தில் சேமித்து வறட்சியில் ஆற்றுக்கு விடுகிறது; வரவு. வழியில் கெட்டில் ஆறு போன்ற துணையாறுகள், வரவு. கீழே, கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடும் பகுதியில் இரண்டு மாநிலங்களும் நீர் எடுக்கின்றன. பினாங்கு தனக்கு வேண்டிய ஆற்றுநீரில் 80 விழுக்காட்டிற்கும் மேல் இங்கிருந்தே பெறுகிறது. அதற்குக் கட்டணம் வேண்டும் என்று கெடாவும், தர வேண்டியதில்லை என்று பினாங்கும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அரசியல் நம் வேலையன்று. ஆனால், நாளை இவ்வழக்கைப் பேசப்போகும் பிள்ளைகளுக்கு ஆற்றை எப்படி அளப்பது என்றாவது தெரிந்திருக்கட்டும்.

ஆற்றங்கரையில் நின்று பார்ப்பவர்க்கு வேகம்தான் கண்ணில் படும், ஆழம் படாது. பெற்றோர்கள் இதனை அவசியம் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் சலசலத்து ஓடும் நீர், சிறிது தூரத்தில் அசையாததுபோல் கிடந்தால், அங்கே ஆறு அகன்றிருக்க வேண்டும். அகலவில்லையென்றால் ஆழ்ந்திருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. அகலம் மாறாமல் அமைதியாகிவிட்ட இடமே மடு. பிள்ளைகள் குளிப்பதற்குத் தேர்ந்தெடுப்பதோ அந்த அமைதியான இடத்தைத்தான். மணல் அள்ளிய ஆற்றில் இப்படிப்பட்ட பள்ளங்கள் எங்கே இருக்கும் என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை. ஆழமறியாமல் காலை விடாதே என்று நாம் வாயால் சொல்கிறோம். கரையிலிருந்தபடியே ஆழத்தை ஊகிக்கக் கணக்கு கற்றுக் கொடுத்தால் பிள்ளைகள் அதனை நம்புவார்கள். சொல்லுக்குக் கட்டுப்படாத வயதிலும் நம்புவார்கள்.

வெள்ளமும் இதே கணக்கே. வரவும் செலவும் ஒத்திருக்கும் வரையில்தான் ஆறு தன் கரைக்குள் இருக்கும். 2003ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாநிலங்களில் பெருவெள்ளம் வந்தபோது மூடா ஆற்றுப் படுகையில் நீர் பரவி நின்றதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலிருந்து வரும் நீர் கீழே வெளியேறும் நீரைவிட மிகுந்தால், மிச்சம் எங்கேனும் நின்றாக வேண்டும். வயலில் நிற்கும், வீட்டில் நிற்கும். அதன்பின் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கரைகளைச் செப்பனிட்டு வெள்ளத்தடுப்புப் பணிகள் நடந்தன. வெளியேறும் வழியைப் பெரிதாக்குவதே அவற்றின் நோக்கம்.

மீண்டும் வீட்டுக் குழாய்க்கு வருகிறேன். கெடாவில் சுத்திகரித்துக் குழாய்களில் விடப்படும் நீரில் ஏறத்தாழப் பாதி, வீடுகளின் மீட்டர்களில் பதிவாவதில்லை. நாடு முழுவதற்கும் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கசிவு, திருட்டு, பழுதான மீட்டர் எல்லாம் அதில் அடக்கம். சுங்கை பட்டாணி வட்டாரத்தில் குழாயில் நீர் வராத நாட்களில் வாளிகளோடு காத்திருக்கும் நமக்கு, அணையில் நீர் இல்லை என்ற ஒரே காரணந்தான் மனத்தில் தோன்றும். எங்கள் கால்வாயில் காணாமற்போன மூன்று லிட்டர், பதினைந்தில் ஐந்திலொரு பங்கு. மாநிலக் குழாய்களில் போவது பாதி. இதனைக் கண்டுபிடிக்கும் முறையும் மாணவர்கள் செய்ததே: ஒரு வட்டாரத்துக்குள் நுழையும் நீரை ஒரு மீட்டரில் அளந்து, வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுகிறார்கள். ஊரெல்லாம் உறங்கும் பின்னிரவில், எந்த வீட்டிலும் குழாய் திறக்காத நேரத்தில், நீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அது கசிவு.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பணி கொடுத்தேன். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கறுப்பு எண்கள் கன மீட்டர். சிவப்பு எண்கள் லிட்டர். விடியற்காலையில் யாரும் எழுந்து குழாயைத் திறக்கும் முன் மீண்டும் குறிக்க வேண்டும். இடையில் யாரேனும் கழிவறைக்குச் சென்றால் அதையும் எழுத வேண்டும். ஒரு மாணவன் அதற்காகவே தாத்தாவைக் கேள்வி கேட்டு அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டதாக அவன் தாயார் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

பெரும்பாலான வீடுகளில் எண் அசையவில்லை. ஒருவர் வீட்டில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய். நான்கு சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று அளந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 லிட்டர் என்று எழுதிவந்தான். மண் குடித்தது என்று சொன்னாளே, அவள் வீட்டில்தான் பெரிய கணக்கு: எட்டு மணி நேரத்தில் 36 லிட்டர். ஒழுகும் குழாய் ஒன்றுமில்லை, தரையெங்கும் ஈரமில்லை. கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் சிறிது கேசரிப் பொடியைக் கரைத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் கீழே பீங்கானில் மஞ்சள் கோடு விழுந்திருக்கிறது. அவள் தந்தையார் சுங்கை பட்டாணியில் ஓர் இரப்பர் வளையம் வாங்கிவந்து மாற்றினார். மறுநாள் காலை குறிப்பேட்டில் இரவு எண்ணும் காலை எண்ணும் ஒன்றாகவே இருந்தன. அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

உங்கள் வீட்டு அளவீடுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். சிவப்பு எண்களைக் குறிக்க மறவாதீர்கள்.